மானும் மனிதர் கையும்

மானைப் போல் சாதுவான பிராணி வேறில்லை என்று நாம் எல்லோரும் எண்ணிக் கொண்டிருக்கிறோம். சகுந்தலை வளர்த்த மான்குட்டியை யார் மறப்பார்கள்? சீதாப்பிராட்டி ஆசைப்பட்டதும் மான்தான். அந்த ஆசையினால் விளைந்ததை மட்டும் சௌகரியமாக மறந்து விடுகிறோம்!

சென்னையில் கிண்டி வனத்தை அடுத்து வசிக்கும் நமது நண்பர் ஒருவர் சென்ற மாதம் மிக்க வருத்தத்துடன் வந்தார். தெரு நாய்கள் துரத்திய புள்ளிமான் ஒன்று அவர் வீட்டுத் தோட்டத்துக்குள் புகுந்து விட்டதாம். நான்கு வாலிபர்கள் சேர்ந்து அதை அமுக்கிப் பிடித்தார்கள். ஒருவருக்குக் குளம்படி பட்டு உதடு கிழிந்தது. பிறகு காலைக் கட்டினார்கள், தண்ணீர் புகட்டினார்கள், தடவிக் கொடுத்தார்கள். மானும் அசையாமல் கிடந்தது. வனத்துறையார் வந்து கொண்டு போனார்கள். மறுநாள் அது இறந்து போயிற்று.

"உடம்பில் ஒரு கீறல் கூட இல்லையே!" என்றார் நண்பர்.

கீறல் வேண்டியதில்லை. பயமே போதும். பிடிபட்ட மான் தன் பலம் முழுவதையும் திரட்டித் திமிறுகிறது. அதன் தசைநார்கள் அளவு மீறி உழைத்துச் சிதைகின்றன, இரத்தத்தில் அமிலம் ஏறுகிறது, சிதைந்த தசையின் கழிவு சிறுநீரகத்தை அடைக்கிறது, இருதயமும் தளர்கிறது. உடனே சாகலாம்; சில நாள் கழித்தும் சாகலாம். தடவிக் கொடுக்கும் கைக்கும் புலியின் பாதத்துக்கும் அது வித்தியாசம் அறியாது. அசையாமல் கிடந்தது சாந்தமல்ல, திகில்.

குட்டியின் கதை இன்னும் பரிதாபமானது. தாய் மான் குட்டியைப் புல்லில் மறைத்து வைத்துவிட்டு மேயப் போகும். பால் கொடுக்கத் திரும்பி வரும். இடையில் வருகிறார் நம்மவர். "ஐயோ, அநாதை!" என்று தூக்கிக் கொண்டு போய்ப் பசும்பால் புகட்டுகிறார். மான்பாலில் கொழுப்பு அதைவிட மிகுதி. மாற்றுப் பால் ஒத்துக் கொள்ளாமல் குட்டி கழிந்தே மெலிகிறது. வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம் என்பது வேறு விஷயம்.

தப்பிப் பிழைத்தது ஆண் குட்டியானால் அபாயம் நம் பக்கம் திரும்புகிறது. கொம்பின் மேலுள்ள மெல்லிய தோல் உரிந்து, இணை தேடும் பருவம் வந்ததும், அது போட்டிக்கு ஆள் தேடும். காட்டு மான் மனிதனைக் கண்டால் ஓடிவிடும். வளர்த்த மானுக்கோ அந்தப் பயம் இல்லை. எஜமானரே போட்டிக்கார மானாகி விடுகிறார்! கனத்த உடம்பின் வேகத்தோடு அந்தக் கொம்பு தொடையிலோ வயிற்றிலோ பாய்ந்தால் என்ன ஆகும்? இதை நன்றிகேடு என்பது நியாயமன்று. நம்மையும் ஒரு மானாகவே அது மதித்திருக்கிறது.

அப்படியானால் மான்களை இடம் மாற்றவே முடியாதா? முடியும். மத்தியப் பிரதேசத்துக் கான்ஹா வனத்தில் 1970-ல் அறுபத்தாறாகக் குறைந்திருந்த பாராசிங்கா மான்கள் பின்னர் பெருகின. 2015-ல் அவற்றில் சிலவற்றைச் சாத்புரா வனத்துக்குக் கொண்டு போனார்கள். முன்புறம் அகன்று, போகப் போகக் குறுகும் மறைப்பு வேலி ஒன்றை அமைத்தார்கள். ஆப்பிரிக்காவில் இதற்கு 'போமா' என்று பெயர். மான்கள் அதன் வழியே தாமாகவே நடந்து லாரியில் ஏறின. ஒருவரும் கட்டிப் பிடிக்கவில்லை.

நண்பர் சற்று நேரம் மௌனமாயிருந்தார். "பின் அன்று நாங்கள் என்னதான் செய்திருக்க வேண்டும்?"

"நாய்களை விரட்டியிருக்க வேண்டும். வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தை அனுப்பிவிட்டு, வனத்துறைக்குச் சொல்லிவிட்டு, வீட்டுக்குள் போயிருக்க வேண்டும்."

"பார்க்கவாவது பார்க்கலாமா?"

"பேஷாய்ப் பார்க்கலாம். ஜன்னல் வழியாக. ஆனால் குழந்தைகளைக் கூச்சலிடச் சொல்லாதீர்கள்!"