தீச்சுவரை அணைப்பது தீர்வாகாது

வீட்டிலிருந்து விபிஎன் வழியாக அலுவலக அல்லது பள்ளிக் கட்டமைப்புக்குள் நுழைகிறோம். ‘இணைக்கப்பட்டது’ என்று திரை சொல்கிறது. ஆனால், பகிர்வுக் கோப்புறையைத் திறக்கப் போனால் பிழைச்செய்திதான் வருகிறது. உடனே யாராவது ஒருவர் ஆலோசனை சொல்வார்: “தீச்சுவரை அணைத்துவிடு. பழைய எஸ்எம்பி1-ஐ இயக்கு. எல்லாருக்கும் முழு அனுமதி கொடு.” சில வேளைகளில் கோப்புறை திறந்தும்விடும். ஆனாலும் இது பழுதுபார்ப்பு ஆகாது என்பதே என் கருத்து.

தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி ஆகியவற்றைத் தமிழ்ப்பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். ஒரு பரிசோதனையில் ஒரே நேரத்தில் மூன்றை மாற்றினால் எது காரணம் என்று கண்டறிய முடியாது. கணினிக்கும் இதே விதிதான். ஆகவே, ஒவ்வொன்றாகச் சோதிப்போம்.

முதலில், கோப்புறை உள்ள சேவையகத்தைப் பெயரால் அழைக்காமல் அதன் ஐபி முகவரியால் அழைத்துப் பாருங்கள். முகவரிக்குத் திறந்து, பெயருக்குத் திறக்கவில்லை என்றால் கோளாறு பெயரைக் கண்டறிவதில் உள்ளது. வகுப்பறையில் ஒருவர் பெயரைச் சொல்லிக் கூவினால் அவர் திரும்பிப் பார்ப்பார். பக்கத்துக் கட்டடத்தில் இருப்பவருக்குக் கேட்காது. விண்டோஸின் பழைய பெயர் தேடும் முறையும் இப்படிக் கூவுவதுதான். அந்தக் கூவல் பொதுவாக விபிஎன் பாதையைக் கடப்பதில்லை. விபிஎன் அமைப்பில் சரியான டிஎன்எஸ் முகவரியைச் சேர்த்தால் போதும்.

முகவரிக்கும் திறக்கவில்லையா? இரு பக்க முகவரிகளையும் ஒப்பிடுங்கள். பல வீட்டு ரூட்டர்கள் 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளையே தருகின்றன. அலுவலகத்திலும் அதே வரிசை இருந்தால், உங்கள் கணினி சேவையகத்தை வீட்டுக்குள்ளேயே தேடும். இரண்டு தாமான்களில் ஒரே பெயரில் ஒரு ஜாலான் இருந்தால் கடிதம் தவறான வீட்டுக்குப் போவதைப் போன்றது இது. ஒரு பக்கத்தின் வரிசையை மாற்றுவதே தெளிவான தீர்வு.

அடுத்தது தீச்சுவர். கோப்புப் பகிர்வு 445 என்ற வாயில் எண்ணைப் பயன்படுத்துகிறது. தனியார் கட்டமைப்பில் விண்டோஸ் தீச்சுவர், தன் உட்கட்டமைப்பில் உள்ள கணினிகளுக்கு மட்டுமே இந்த வாயிலை இயல்பாகத் திறக்கிறது. விபிஎன் வழியாக வருபவர் வேறு வரிசை முகவரியோடு வந்தால் அவர் அந்நியர்தான். அந்த ஒரு வரிசையை மட்டும் விதியில் சேர்க்கலாம். ஒருவருக்குக் கதவைத் திறக்க வீட்டுச் சுவரையே இடிக்க வேண்டுமா?

‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்று வந்தால் சோர்ந்துவிடாதீர்கள். அது நல்ல செய்தி. பாதை, முகவரி, வாயில் எல்லாம் சரி. பயனர் பெயர், கடவுச்சொல், கோப்புறை அனுமதி ஆகியவற்றை மட்டும் சரிபார்த்தால் போதும் என்று அது சொல்கிறது.

“ஒரு நிமிடம் தீச்சுவரை அணைத்துப் பார்த்தால் விரைவில் தெரிந்துவிடுமே?” என்று சிலர் கேட்கலாம். அது உண்மைதான். ஆனால், 445 வாயில் திறந்திருக்கிறதா என்பதை விண்டோஸின் பவர்ஷெல்லில் ஒரே கட்டளையால் சோதிக்கலாம். மேலும், வேலை முடிந்த மகிழ்ச்சியில் அணைத்ததை மீண்டும் இயக்க மறப்பவர்களே அதிகம்.

அந்த மறதியின் விலை சிறியதன்று. 2017 மே 12-ஆம் தேதி பரவத் தொடங்கிய வான்னாகிரை என்ற பிணைப்பண நச்சுநிரல், எஸ்எம்பி1-இல் இருந்த ஓட்டை வழியாக, 445 வாயிலின் மூலம் கணினி விட்டுக் கணினி தாவியது. பிரிட்டனில் மருத்துவமனைகளின் கணினிகள் முடங்கி, நோயாளிகளின் சந்திப்புகளும் அறுவைச் சிகிச்சைகளும் ரத்தாயின. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது.

மாணவர்களே, அடுத்த முறை வீட்டில் யாராவது “கோப்புறை திறக்கவில்லை, கொஞ்சம் பார்” என்று உங்களை அழைத்தால், ஒரு தாளை எடுங்கள். ஒன்றை மாற்றுங்கள், விளைவை எழுதுங்கள், பயன் இல்லையென்றால் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததற்குச் செல்லுங்கள். பத்து நிமிடம் கூடுதலாகலாம். ஆனால், கோப்புறை எதனால் திறந்தது என்பதை உங்களால் சொல்ல முடியும்.