பூசை நின்ற கோயில்

போன ஞாயிறு ஒரகடத்திலிருந்து மாமல்லபுரத்துக்கு வேன் பேசிப் போனோம். பன்னிரண்டு பேர், எல்லாரும் ஒப்பந்தக் கூலிகள். பத்துப் பேர் காலனி. கம்பெனியில் எல்லாருக்கும் ஒரே நிறச் சட்டைதான். ஆனால் 'எந்த ஊருப்பா, ஊருல எந்தப் பக்கம்?' என்கிற கேள்வி சட்டைக்குள் கைவிட்டுத் துழாவும்.

கடற்கரைக் கோயில். இராசசிம்ம பல்லவன் காலம், 8ஆம் நூற்றாண்டுத் தொடக்கம். கிழக்கே ஒரு சிவன், மேற்கே ஒரு சிவன், நடுவில் படுத்த பெருமாள். டிக்கெட் கொடுத்தோம், உள்ளே விட்டார்கள். எந்தப் பக்கம் என்று யாரும் கேட்கவில்லை. உள்ளே உச்சி உடைந்த லிங்கம். கூட வந்த தம்பி சொன்னான்: "அண்ணே, எங்க ஊரு கோயில்ல சாமிக்கு இவ்ளோ கிட்ட நான் நின்னதே இல்ல."

1947இலேயே ஆலயப் பிரவேசச் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் அவனுக்கு வாசல் திறந்தது பூசை நின்றுபோன கோயிலில்தான். சாமி செத்தால்தான் நாம் மனுசர் போலிருக்கு!

விளக்கெரிகிற கோயில் அதே ஊரில் இருக்கிறது. தலசயனப் பெருமாள் கோயில். 2021 அக்டோபரில் அங்கே ஒரு நரிக்குறவப் பெண் அன்னதானப் பந்தியில் உட்கார விடாமல் வெளியே அனுப்பப்பட்டார். அவர் பேசிய வீடியோ பரவியது. அமைச்சர் சேகர்பாபு வந்து பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். நவம்பரில் முதல்வர் ஸ்டாலின் பூஞ்சேரிக்கே போய் நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டா கொடுத்தார். பட்டாவை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் ஒரு வாய்ச் சோற்றுக்கு அமைச்சர் துணை வேண்டுமென்றால், அமைச்சர் வராத பந்திகளில் என்ன நடக்கும்?

பூஞ்சேரி என்றதும் இன்னொன்று. அங்கே ஒரு பாறையில் கேவாத பெருந்தச்சன், பையமிழிப்பான் என்று கல்லுடைத்த கைகளின் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. எங்களுக்கு வாய்த்த கைடு அந்தப் பக்கமே வரவில்லை. 'தமிழன் பெருமை, பல்லவர் பெருமை' என்று மூச்சுவிடாமல் பேசினார். எந்தத் தமிழன்? சேரியை ஊருக்கு வெளியே வைத்தவனா, வெளியே இருந்தவனா? பிரம்மதேயமாக நிலத்தைத் தானம் கொடுத்ததை அந்தப் பல்லவர்களே செப்பேட்டில் வெட்டி வைத்தார்கள். செம்பு அழியவில்லை, பெருமையும் அழியவில்லை.

நமக்கும் ஒரு நிலம் எழுதப்பட்டது. செங்கற்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலையை அறிக்கையாக எழுதினார். 1892இல் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம். வேறு சாதிக்கு விற்கக்கூடாது என்று நிபந்தனை. மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்று இயக்கங்கள் சொல்லிவருகின்றன. யார் கையில் இருக்கிறது இன்றைக்கு? ஒரகடத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் நாம் ஷிப்டு பார்க்கிற மண்ணில் பஞ்சமி எத்தனை ஏக்கர்? கம்பெனி வாசல் பலகையில் முதலாளி பெயர் இருக்கிறது, சர்வே எண் இல்லை.

திரும்பும்போது செங்கற்பட்டு தாண்டுகையில் வேனில் பாட்டை நிறுத்தச் சொன்னேன். 1994 அக்டோபர் 10. காரணையின் பஞ்சமி நிலத்தை மீட்கக் கிளம்பிய மக்கள்மீது துப்பாக்கிச் சூடு. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்தார்கள். வேனில் இருந்த பன்னிரண்டு பேரில் மூன்று பேருக்குத்தான் அந்தப் பெயர்கள் தெரிந்திருந்தன. பல்லவன் பெயர் எல்லாருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள்.

வரும் அக்டோபர் 10க்கு அதே வேனைப் பேசிவிட்டோம், காரணைக்கு. வழியில் தாலுகா ஆபீசில் இறங்கி எங்கள் ஊர் 'அ' பதிவேட்டுக்கு மனு எழுதிக் கொடுக்கப்போகிறோம். வேனில் இன்னும் நாலு பேருக்கு இடமிருக்கிறது.