ஒரு கட்டம் நகர்ந்த சிப்பாய்

சதுரங்கத்தில் ஆரம்பக் காய் நகர்த்தல்தான் பாதி வெற்றி என்பார்கள். மேல்நாட்டு வீரர்கள் அதற்காகவே புத்தகம் புத்தகமாகப் புரட்டுகிறார்கள். 1930-31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் காபபிளாங்காவுக்கு எதிரே அமர்ந்த மீர் சுல்தான் கானுக்கோ அந்தப் படிப்பு மிகவும் குறைவு.

காபபிளாங்கா லேசுப்பட்டவரா? 1916 முதல் 1924 வரை தோல்வி என்பதையே அறியாதவர்; உலக சாம்பியனாக இருந்தவர். சுல்தான் கான் பஞ்சாபில் நம் நாட்டு முறையில் ஆடி வளர்ந்தவர். அந்த முறையில் சிப்பாய் முதல் தடவையும் ஒரே கட்டம்தான் போகும். இரண்டு கட்டம் பாய்வது கிடையாது. மேல்நாட்டு விதிகளை வாலிப வயதில்தான் கற்றார். ஆரம்பத்தில் தடுமாறி, நடு ஆட்டத்தில் நிமிர்ந்து கொள்வதே அவர் வழக்கம்.

அன்று ஐந்தாவது நகர்த்தலில், ராணிப் பக்கத்து யானைக்கு முன் நின்ற சிப்பாயை ஒரே ஒரு கட்டம் தள்ளினார். எதிரியின் பிஷப் வந்து தம் குதிரையைக் கட்டிப் போடாமல் தடுக்கும் சின்ன வேலி அது. பின்னாளில் உலக சாம்பியன் பெட்ரோசியன் இதையே விரும்பி ஆட, அவர் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. வேடிக்கைதான்!

காபபிளாங்காவின் யானைகள் இரண்டும் உள்ளே புகுந்து மிரட்டின. சுல்தான் கான் அசரவில்லை. ராணியைக் கொடுத்து இரண்டு யானைகளையும் வாங்கிக்கொண்டார். பிறகு அவசரமில்லாத முற்றுகை. 65-ஆவது நகர்த்தலில் ஆட்டம் அவர் பக்கம் முடிந்தது.

"பிறவி மேதை" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது நமக்குச் சுலபம். ஆனால் ஆரம்ப ஆட்டத்தைக் கற்பிக்க ஓர் ஆசானும் நாலு புத்தகங்களும் இளமையிலேயே கிடைத்திருந்தால், அவர் தடுமாறித் தோற்ற ஆட்டங்கள் எத்தனை மிஞ்சியிருக்கும்? 1929, 1932, 1933 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் பிரிட்டிஷ் சாம்பியன் பட்டம் வென்றவர், தம்மை அழைத்துச் சென்ற சர் உமர் ஹயாத் கானுடன் ஊர் திரும்பியதும் போட்டி உலகை விட்டே மறைந்தார்.

சர்வதேசச் சதுரங்க சம்மேளனம் 1950-இல் கிராண்ட் மாஸ்டர் பட்டம் வழங்கத் தொடங்கியபோது அவர் உயிரோடுதான் இருந்தார். 1966-இல் காலமானார். கௌரவ கிராண்ட் மாஸ்டர் பட்டம் அவர் பெயருக்கு வந்து சேர்ந்தது 2024-இல்!