இரத்தக் கொதிப்பு யாருடைய நோய்?

இரத்தக் கொதிப்பு என்றால் அது துரைமார்களுக்கும் தவுக்கேமார்களுக்கும் வருகின்ற நோய் என்ற எண்ணம் நம் தோட்டங்களில் இன்னும் மறைந்தபாடில்லை. "விடியுமுன் எழுந்து, மேடும் பள்ளமும் ஏறி இறங்கி மரம் வெட்டுகிறவனுக்கு ஏது கொதிப்பு? உழைக்கிற உடம்பை நோய் அண்டாது" என்று பேசுகிறவர்கள் உண்டு. இந்த நம்பிக்கை தவறானது மட்டுமன்று. உயிருக்கு ஆபத்தானதும் ஆகும்.

மலேசியச் சுகாதார அமைச்சு 2019-ஆம் ஆண்டில் நடத்திய தேசிய ஆய்வின்படி, வயது வந்தோரில் பத்துப் பேருக்கு மூவர் இந்நோய் உடையவர்கள். 2023-ஆம் ஆண்டு ஆய்விலும் நிலைமை ஏறக்குறைய அதுவே. இதிலும் கொடுமை என்னவெனில், 2019 கணக்கில் நோயுள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குத் தமக்கு அது இருப்பதே தெரியாது. கொதிப்புக்கு வலி இல்லை, காய்ச்சல் இல்லை. ஒருநாள் கையும் காலும் இழுத்துக்கொண்டு வாய் கோணும்போதுதான் வீட்டாருக்கு விஷயம் தெரிகிறது. அப்பொழுது காலம் கடந்துவிடுகிறது. மூளையை மட்டுமன்றி இருதயத்தையும் சிறுநீரகத்தையும் இது ஓசையின்றி அரித்துவிடும்.

ஆகவே முதலில் ஒவ்வொருவரும் தம் அளவை அறிந்திருக்க வேண்டும். 120-க்கு 80 என்பது நல்ல அளவு. ஓய்வாக அமர்ந்து வெவ்வேறு நாட்களில் எடுத்துப் பார்த்தும் 140-க்கு 90 அல்லது அதற்கு மேல் இருந்தால், அது இரத்தக் கொதிப்பு. காண்டா வாளியை இறக்கி வைத்த கையோடு எடுக்கும் அளவு சரியான அளவாகாது. ஐந்து நிமிடமாவது உட்கார்ந்து இளைப்பாறிய பிறகே எடுக்க வேண்டும். காப்பி குடித்தவரும் சிகரெட் பிடித்தவரும் அரைமணி நேரம் பொறுத்திருக்க வேண்டும்.

இனி, நம் கையில் இருப்பதை முதலில் பேசுவோம். உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்கிறது. அது ஒரு தேக்கரண்டி அளவு. 2017-18-ஆம் ஆண்டுகளில் மலேசியாவில் எடுத்த கணக்கோ, சராசரியாக 7.9 கிராம் என்று காட்டியது. குழம்பில் போடும் உப்பை மட்டும் பார்த்தால் போதாது. கருவாடு, நெத்திலி, ஊறுகாய், அப்பளம், பெலாச்சான், சோயா சாஸ், பொட்டல மீயில் வரும் தூள், இவை யாவும் உப்பு மூட்டைகளே. "வேர்வை சிந்துகிறவனுக்கு உப்பு வேண்டாமா?" என்று கேட்பார்கள். நாம் அன்றாடம் உண்ணும் உணவில் உள்ளதே அதற்குப் போதும். இழந்ததை ஈடு செய்ய முதலில் வேண்டியது தண்ணீர்.

"வயதானால் கொதிப்பு வரத்தான் செய்யும்" என்பதும் முழு உண்மையன்று. 1988-இல் 32 நாடுகளில் பத்தாயிரம் பேரை வைத்து வெளியான 'இன்டர்சால்ட்' என்னும் ஆய்வில், உப்பை அறவே அறியாத பிரேசில் நாட்டு யானோமாமி காட்டுவாசிகளுக்கு வயது ஏறியும் இரத்த அழுத்தம் ஏறவில்லை என்று கண்டார்கள். வயது காரணம் என்றால், அந்த வயது முழுதும் நாம் உண்டதும் வாழ்ந்ததும் காரணம் இல்லையா?

சம்சுவையும் சிகரெட்டையும் பற்றி நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குடி நேரடியாகவே இரத்த அழுத்தத்தை உயர்த்தும். சிகரெட் இரத்தக் குழாய்களைக் கெடுத்து, கொதிப்பு செய்யும் கேட்டை இரட்டிப்பாக்கும். அக்காலத்தில் தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடையைத் திறந்து வைத்து, நம் கூலியில் ஒரு பகுதியை மாலைக்குள் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். இன்று அந்தக் கடை இல்லாத இடத்திலும் பழக்கம் நம்மை விடவில்லை. இதற்கு எந்த நிர்வாகத்தையும் குறை கூறிப் பயனில்லை. போத்தலைக் கீழே வைக்க வேண்டியது நாம்தான்.

ஆனால், "உப்பைக் குறை, குடியை விடு, நன்றாகத் தூங்கு, கவலைப்படாதே" என்று சொல்லிவிட்டு அத்துடன் பேச்சை முடித்துக்கொள்பவர்களோடு நாம் உடன்பட முடியாது. உப்பும் குடியும் நம் கையில் உள்ளவை. தூக்கமும் கவலையும் முழுக்க நம் கையில் உள்ளவையா?

பால்வெட்டுக்காரப் பெண்ணின் நாளை எண்ணிப் பாருங்கள். காலை நான்கு மணிக்கு முன்னரே அடுப்பு எரிய வேண்டும். விடியுமுன் பெரட்டுக்குப் போக வேண்டும். வெட்டு, பால் எடுப்பு, ஸ்டோர் எல்லாம் முடிந்து வீடு திரும்பினால் துணியும் பிள்ளைகளும் இரவுச் சமையலும் காத்திருக்கின்றன. தலை சாய்க்கும்போது மணி பதினொன்று. தொடர்ந்து ஐந்து, ஆறு மணி நேரமே உறங்குகிறவர்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு கூடுதல் என்று மருத்துவர்கள் கூறுகிறார்கள். அவளைப் பார்த்து "நன்றாகத் தூங்கு" என்று சொன்னால், எந்த நேரத்தில் என்று அவள் கேட்க மாட்டாளா?

குறைந்தபட்சச் சம்பளம் 2025-இல் 1,700 வெள்ளி ஆகியிருக்கிறது. நல்லதுதான். எனினும் அரிசிக்கும் பள்ளிச் செலவுக்கும் மோட்டார் சைக்கிள் தவணைக்கும் கொடுத்தபின் அதில் மிஞ்சுவது என்ன? மிச்சமில்லாத வீட்டில் கடன் நுழைகிறது. கடன் பெருகினால் ஆலோங் வாசலில் நிற்கிறான். ஓய்வு பெறும் நாளில் தோட்டத்து வீட்டைக் காலி செய்ய வேண்டுமே என்ற ஏக்கம் வேறு. இவ்வளவையும் தலையில் வைத்துக்கொண்டு கவலைப்படாமல் இருப்பது எப்படி?

ஆபீசில் இருக்கும் கிராணிமார்களும் தப்பவில்லை. 1953-இல் லண்டன் பஸ் ஊழியர்களை ஆராய்ந்த மருத்துவர் ஜெர்ரி மோரிஸ், நாள் முழுதும் உட்கார்ந்தே ஓட்டும் டிரைவர்களுக்கு, மாடிப் படிகளில் ஏறி இறங்கும் கண்டக்டர்களைவிட இருதய நோய் அதிகம் என்று கண்டார். கிராணிக்கு உட்காரும் வேலை மட்டுமா? மேலே நிர்வாகம், கீழே தொழிலாளர், நடுவில் செக்ரோல் கணக்கு. இருபுறத்து ஏச்சும் அவருக்கே. வேலைச் சுமை மிகுந்து, அதில் தம் சொல்லுக்கு இடமில்லாதவர்களே மனத்தளர்ச்சிக்கு அதிகம் ஆளாகிறார்கள் என்று 1979-இல் அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் கராசெக் எழுதினார். பின்னர் நடந்த ஆய்வுகள் பல, அத்தகைய வேலைக்கும் உயர்ந்த இரத்த அழுத்தத்துக்கும் தொடர்பு கண்டன.

1967-இல் லண்டனில் அரசாங்க ஆண் ஊழியர்களிடையே தொடங்கிய 'வைட்ஹால்' ஆய்வு இன்னும் ஒன்றைக் காட்டியது. அவர்களில் யாரும் பட்டினி கிடந்தவர்கள் அல்லர். எல்லாரும் ஒரே அரசாங்கத்தில் வேலை செய்தவர்கள். ஆயினும் உயர் அதிகாரிகளைவிடக் கடைநிலை ஊழியர்கள் இருதய நோயால் மாண்டது ஏறக்குறைய மூன்று மடங்கு. புகை, கொழுப்பு, இரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்தும் அந்த வேற்றுமையின் பெரும்பகுதி மிஞ்சியே நின்றது. துரைமார் நோய் என்று நாம் சொல்லிக்கொண்டிருப்பது, உண்மையில் கீழ்ப்படியில் நிற்பவனையே முதலில் அடிக்கிறது.

நம் தொழிலிலேயே ஒரு பாடம் இருக்கிறது. விடியற்காலையில் பால்மரத்தின் குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏற ஏறக் குறையும். அதனால்தான் இருட்டோடு வெட்டுகிறோம். அதே மரத்தை ஓயாமல் வெட்டினால் பட்டை வறண்டு பால் நின்றுவிடும் என்பதால், ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டுவது போன்ற முறைகளை வகுத்து மரத்துக்கு ஓய்வு கொடுக்கிறார்கள். மரத்துக்குத் தெரிந்த இந்த நியாயத்தை, அந்த மரத்தை வெட்டுகிறவனுக்கும் கேட்பது பேராசையா?

நாம் கேட்பது பெரிய காரியமன்று. முதலாவது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெரட்டுக் களத்திலும் ஆபீசிலும், வேலை நேரத்திலேயே அனைவருக்கும் அழுத்தம் பார்க்க வேண்டும். தோலின் நிறமும் கடப்பிதழும் பாராமல், நம்மோடு வெட்டுகிற வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் பார்க்க வேண்டும். இரண்டாவது, மருந்துக்குக் கிளினிக் செல்லும் நாளில் கூலி குறையக் கூடாது. குடிமக்களுக்கு அரசாங்கக் கிளினிக்கில் கட்டணம் ஒரு வெள்ளிதான். அந்த ஒரு வெள்ளி மருந்துக்காக ஒருநாள் வெட்டை இழக்க வேண்டியிருப்பதால்தான் பலர் மாத்திரையைப் பாதியில் விடுகிறார்கள். மூன்றாவது, நோயாளிக்கு நிரை ஒதுக்கும்போதும் வேலை மாற்றும்போதும் மருத்துவர் சொல்லை மதிக்க வேண்டும்.

"இது அவரவர் சொந்த விஷயம்; சங்கத்துக்கு இதில் என்ன வேலை?" என்று நிர்வாகம் கேட்கலாம். நம்மவரிலும் சிலர் கேட்கலாம். பக்கவாதத்தில் விழுந்தவரின் சம்பளம் நிற்கிறது. அவரைப் பார்த்துக்கொள்ள மனைவி வேலையை விடுகிறாள். மூத்த பிள்ளையின் படிப்பு நிற்கிறது. ஒரு குடும்பத்தின் சம்பளம் அழிவது சங்கத்தின் விஷயம் இல்லையென்றால், வேறு எதுதான் சங்கத்தின் விஷயம்?

தோழர்களே! சங்கம் பேச்சு மேசையில் பேசட்டும். அதுவரை யாரும் காத்திருக்க வேண்டாம். நாற்பது வயதைக் கடந்தவர்கள் சொக்சோ வழங்கும் இலவசப் பரிசோதனையைத் தவறாமல் பயன்படுத்திக்கொள்ளுங்கள். மருத்துவர் மாத்திரை கொடுத்திருந்தால், அளவு இறங்கிவிட்டது என்று தாமாக நிறுத்தாதீர்கள். இறங்கியது மாத்திரையினால்தான், நிறுத்தினால் மறுபடி ஏறும். பெண்டிரை முதலில் அனுப்புங்கள். வீட்டில் எல்லார் மருந்தையும் நினைவில் வைத்திருப்பவள் தன் மருந்தை மறந்துவிடுகிறாள். அடுத்த கிளைக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் தம் அளவைத் தெரிந்துகொண்டு வாருங்கள். அந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு நாம் நிர்வாகத்திடம் பேசுவோம்.