காலகேயருக்கு நாற்பது விதி, பூஞ்சேரிக்கு ஒரு சிரிப்பு

'பாகுபலி' முதல் பாகம் 2015-இல் வெளிவந்தபோது ஊடகங்கள் ஒரு செய்தியைச் சொல்லிச் சொல்லிப் பூரித்தன. படத்தில் வரும் காலகேயர்களுக்காக மதன் கார்க்கி 'கிளிக்கி' என்று ஒரு மொழியையே உருவாக்கிவிட்டாராம். சுமார் 750 சொற்கள், 40 இலக்கண விதிகள். 'மின்' என்றால் நான். அதையே திருப்பிப் போட்டால் 'நிம்', அதாவது நீ. 2020 பிப்ரவரி 21, உலகத் தாய்மொழி நாளன்று, எழுத்து, எண், இணையதளம் எல்லாவற்றோடும் அந்த மொழியை வெளியிட்டார்கள்.

மொழியைப் படைப்பதில் எங்களுக்கு ஒரு சண்டையும் இல்லை. 1887-இல் சாமன்ஹாஃப் எஸ்பெராண்டோவை வெளியிட்டார். பல இன மக்கள் சமமாக நின்று பேச ஒரு பொதுமொழி வேண்டும் என்பது அவர் கனவு. எங்கள் கேள்வி, கிளிக்கி யாரை எப்படிக் காட்டுவதற்காகப் படைக்கப்பட்டது என்பதுதான்.

காலகேயர் யார்? கரி பூசிய உடம்பு, அழுக்கு, கொலைவெறி. வெளுத்த மகிழ்மதி அழித்தொழிக்க வேண்டிய கூட்டம். அவர்கள் வாயில் நாக்கைச் சொடுக்கும் ஒலிகளை வைத்தார்கள். அந்த ஒலிகள் கற்பனை அல்ல. தென்னாப்பிரிக்காவின் சோசா, சூலு மொழிகளில் அவை அன்றாட மெய்யொலிகள். நெல்சன் மண்டேலாவின் தாய்மொழி சோசா. அங்கே போய் இறங்கிய ஐரோப்பியர்கள் கொய்கொய் மக்களின் பேச்சை வான்கோழிச் சத்தம் என்று எழுதிவைத்தார்கள். பேச்சை விலங்கொலி என்று சொல்லிவிட்டால், பேசுகிறவரின் நிலத்தைப் பிடுங்குவது எளிது. அந்தப் பழைய காலனியப் பார்வைதான் இங்கே கிராபிக்ஸ் பூசிக்கொண்டு வந்தது.

"கற்பனைக் கதைதானே, ஏன் சாதியை இழுக்கிறீர்கள்?" என்று கேட்பவர்களுக்கு அதே படத்தின் தமிழ் வசனத்தை நினைவூட்டுகிறோம். அருந்ததியர் மக்களைக் குறிக்கும் 'பகடை' என்ற சொல் அதில் வசையாக வந்தது. போராட்டம் வெடித்த பிறகு வசனம் எழுதிய கார்க்கி வருத்தம் தெரிவித்தார். இல்லாத இனத்துக்கு நாற்பது விதி யோசிக்க நேரம் இருந்தது. இருக்கிற மக்களின் பெயர் வசையாகிறதே என்று யோசிக்க மட்டும் நேரம் இல்லை. தனிமனிதர் ஒருவரின் கவனக்குறைவு என்று இதைச் சுருக்க வேண்டாம். வழக்கு என்பது உயர்ந்தோருடையதே என்று தொல்காப்பிய மரபியல் விதித்த நாளிலிருந்து யார் பேச்சு மொழி, யார் பேச்சு கொச்சை என்பதை இந்தச் சமூகம் தீர்மானித்தே வந்திருக்கிறது.

இப்போது மாமல்லபுரத்துக்கு வருவோம். பக்கத்திலேயே பூஞ்சேரி. நரிக்குறவர்களும் இருளர்களும் வாழும் ஊர். நரிக்குறவர் வீட்டில் பேசுவது வாக்ரிபோலி. குஜராத்தியோடு உறவுள்ள இந்தோ-ஆரிய மொழி. தனி எழுத்து கிடையாது. ஆனால் இலக்கணம் உண்டு. இலக்கணம் இல்லாமல் எந்தக் குழந்தையும் எந்த மொழியையும் பேசக் கற்க முடியாது. தமிழ் சினிமாவுக்கோ அவர்கள் பேச்சு ஊசிமணி விற்கும் காட்சிக்கான சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்து வளர்ந்தவர்கள்தான் பின்னாளில் வகுப்பறையிலும் பந்தியிலும் நிற்கிறார்கள். 2021-இல் தலசயனப் பெருமாள் கோவில் அன்னதானத்தில் ஒரு நரிக்குறவப் பெண்ணை எழுப்பி அனுப்பினார்கள். அவர் பேசிய காணொளி பரவிய பிறகுதான் அமைச்சர் வந்தார், முதல்வர் வந்தார், பட்டா வந்தது. நரிக்குறவரைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது 2022 டிசம்பரில்.

இருளர் கதையும் இதுதான். நீலகிரி இருளரின் மொழியைத் தனித் திராவிட மொழியாக ஆராய்ந்து எழுதியவர் செக் நாட்டறிஞர் கமில் சுவெலபில். நம் செங்கல்பட்டு இருளரின் பேச்சு தமிழை ஒட்டியது. பாம்பின் தடம், புற்று, வேர், மூலிகை பற்றி அவர்கள் தலைமுறைகளாகச் சேர்த்த அறிவு அந்தப் பேச்சில்தான் இருக்கிறது. வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுக்கும் நஞ்சிலிருந்து நாட்டுக்கே மருந்து தயாராகிறது. வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆனால் காவல் நிலையத்திலும் அரிசி ஆலையிலும் அறுபது வயது இருளருக்கு இன்றும் 'வாடா, போடா'தான். 'அவன்', 'அவர்' என்ற விகுதி வேறுபாட்டில் எவ்வளவு சாதி இருக்கிறது என்பதை எந்தப் பாடநூலும் சொல்லித் தருவதில்லை.

கிளிங்கான் மொழி தெரிந்திருக்கும். ஹாலிவுட்டுக்காக அதைப் படைத்த மார்க் ஓக்ரண்ட், அதற்கு முன் முனைவர் பட்டத்துக்கு எழுதியது மட்சன் என்ற கலிபோர்னியப் பழங்குடி மொழியின் இலக்கணத்தை. அதைச் சரளமாகப் பேசிய கடைசி மனிதர் 1930-இலேயே இறந்துவிட்டார். கிளிங்கானுக்கு உலகெங்கும் ரசிகர்கள் கிடைத்தார்கள். மட்சனை மீட்டெடுக்க அந்த மக்களேதான் உழைக்க வேண்டியிருக்கிறது. நம் ஊரிலும் அதுவே நடக்கட்டும் என்று விட்டுவிடலாமா?

சிறுபான்மை மொழிக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க மாநிலம் முயல வேண்டும் என்கிறது அரசமைப்பின் 350ஏ பிரிவு. இயன்றவரை தாய்மொழியே பயிற்றுமொழி என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு. இந்தித் திணிப்பை எதிர்க்கும் நாம், பூஞ்சேரிக் குழந்தை முதல் வகுப்பில் புரியாத மொழியில் உட்கார்ந்திருப்பதைப் பற்றியும் பேச வேண்டும். தமிழில் 'நாம்' வேறு, 'நாங்கள்' வேறு. தமிழர் என்று சொல்லும்போது வருகிற 'நாம்' அந்தக் குழந்தையையும் சேர்த்துத்தானா?

மாணவத் தோழர்களே, மொழியியல், சமூகவியல் படிக்கிறீர்கள். ப்ராஜெக்டுக்காகக் குடியிருப்புக்குப் போய் நாலு சொல்லைப் பதிவுசெய்துகொண்டு மறைந்துவிடாதீர்கள். அனுமதி கேளுங்கள். சொல்லித் தருகிறவருக்குக் கூலி கொடுங்கள். அகராதியோ பாடநூலோ உருவானால் அட்டையில் அவர்கள் பெயர் இருக்கட்டும், உரிமை அவர்களிடம் இருக்கட்டும். தொடக்கப் பள்ளியில் வாக்ரி, இருளர் சமூகத்திலிருந்தே மொழி உதவியாளர்களை நியமிக்கச் சொல்லிக் கல்வித் துறையிடம் மனு கொடுங்கள். பதில் வரும்வரை விடாதீர்கள்.

அந்த மக்களுக்கு யாரும் இலக்கணம் செய்து தர வேண்டாம். அது அவர்களிடம் இருக்கிறது. அதைக் கேட்டு இனி யாரும் சிரிக்காதபடி செய்வது நம் வேலை.

ஜெய் பீம்!