அந்த நாலு பேரையும் சேர்த்துச் சொல்லுங்கோ

2024 இல் விக்டர் அம்ப்ரோஸுக்கும் கேரி ருவ்கனுக்கும் மருத்துவ நோபல் கிடைச்ச பிறகு, மைக்ரோ ஆர்.என்.ஏ பற்றிய பதிவுகள் தமிழிலும் வரத் தொடங்கின. நல்ல விசயம்தான். ஆனால் "கான்சருக்கு மருந்து வந்திட்டுது" என்ற தொனியில் எழுதுவது எனக்கு ஒத்துவரவில்லை. மகரகம கிளினிக்குக்கு ஆளைக் கூட்டிக்கொண்டு போற வீடுகளுக்கும் இது வட்ஸ்அப்பில் போய்ச் சேரும்.

மைக்ரோ ஆர்.என்.ஏ என்பது கிட்டத்தட்ட 22 எழுத்து நீளமான சின்ன இழை. அது தானாகப் புரதம் எதையும் ஆக்காது. மற்ற ஜீன்களின் செய்தியில் போய் ஒட்டி, அதிலிருந்து புரதம் உருவாகாமல் தடுக்கும். மிர்-34ஏ என்ற ஒன்று பல கட்டிகளில் குறைந்துபோய்க் கிடக்கிறது. அப்ப அதைச் செயற்கையாகச் செய்து திரும்பக் கொடுத்தால் என்ன? ஒரே ஜீனை அடிக்கும் மருந்திலிருந்து கட்டி வேறு பாதையில் தப்பிவிடும். இது பல பாதைகளை ஒரேயடியாக அடைக்கும். கேட்க அழகான யோசனை, நானும் மறுக்கவில்லை.

அதைத்தான் மிர்னா தெரபியூட்டிக்ஸ் என்ற அமெரிக்கக் கம்பனி செய்து பார்த்தது. எம்.ஆர்.எக்ஸ் 34 என்று பெயர். கொழுப்புத் துணிக்கைக்குள் வைத்து நாளத்தில் ஏற்றினார்கள். 2013 இல் தொடங்கிய முதற்கட்டப் பரிசோதனையில் 85 நோயாளிகள் சேர்ந்தார்கள். மூன்று பேருக்குக் கட்டி குறிப்பிடத்தக்க அளவு சுருங்கியது. நாலு பேர் கடுமையான நோயெதிர்ப்பு விளைவுகளால் இறந்தார்கள். 2016 இல் நிறுத்திவிட்டார்கள்.

மருந்து கட்டிக்கு மட்டும் போகவில்லை. வெள்ளை இரத்த அணுக்களுக்குள்ளும் போய் அங்கேயும் ஜீன்களை அடக்கியது பரிசோதனையிலேயே தெரிந்தது. பல ஜீன்களைத் தொடுவதுதான் பலம் என்று சொல்பவர்கள், ஆபத்தும் அதே இடத்தில்தான் என்பதையும் அடுத்த வரியில் எழுத வேணும். இது எதிர்மறைப் பேச்சு இல்லை. வேறு வழி இல்லாத நிலையில் பரிசோதனைக்குச் சம்மதித்த மனிசர் அவர்கள்; வெற்றிக் கதைக்கு இடைஞ்சல் எண்டு அவர்களை விட்டுவிட ஏலாது.

பேர்டியூ பல்கலைக்கழகத்தில் அன்ட்ரியா கசின்ஸ்கியின் குழு கொழுப்புத் துணிக்கையையே விட்டுவிட்டு, மிர்-34ஏயை ஃபோலேட்டுடன் இணைத்து அனுப்புகிறது. சில கட்டிகளின் மேற்பரப்பில் ஃபோலேட் ஏற்பிகள் அதிகம் என்பதால் மருந்து அங்கேயே போய் இறங்க வேணும் என்பது கணக்கு. எனக்கு இந்த வழியில்தான் நம்பிக்கை. அவர்கள் காட்டிய பலன், எலிகளில்.