சேர்விடாப்பும் சமய நிரலும்

சென்ற மாதம் என் பெயர்த்தி பயிலும் பாடசாலையிலிருந்து பெற்றாருக்கு ஓர் இணையப் படிவம் வந்தது. வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் இட்டிருந்தார்கள். மகளுக்கு வேலை மிகுதி. நிரப்பித் தரும்படி என்னிடம் தந்தாள். முப்பது வருடம் ஆசிரியத் தொழில் புரிந்தவனுக்குப் படிவம் நிரப்புதல் பெரிய காரியமா? பெயர், பிறந்த திகதி, முகவரி என எழுதிச் சென்றேன். அப்பால் இனம், சமயம், தந்தையின் தொழில், மாத வருமானம், பிள்ளையின் புகைப்படம் என்று அது நீண்டுகொண்டே போயிற்று. இவற்றை எதற்காகக் கேட்கிறார்கள், எவர் பார்ப்பர், எவ்வளவு காலம் வைத்திருப்பர் என்பது பற்றி ஒரு வரிதானும் இல்லை. அதனினும் வியப்பு, விடைகள் திரளும் அட்டவணையைக் குழுவிலுள்ள எவரும் திறந்து பார்க்கலாம் என்பது. நானும் பார்த்தேன். முப்பத்தொரு பிள்ளைகளின் வீட்டு விலாசமும் சமயமும் வருமானமும் சந்தைக் கத்தரிக்காய்போற் குவிந்து கிடந்தன.

பாடசாலையிற் சமயம் கற்பிக்கலாகாது என வாதிடும் நண்பர்கள் எனக்கு உளர். நான் அவர்கள் கட்சியினன் அல்லன். க.பொ.த. சாதாரண தரத்தில் சமயம் கட்டாய பாடம். பிள்ளை எச்சமயத்ததோ அச்சமயத்தையே படிக்கின்றது. ஆதலின் எந்த வகுப்பறைக்கு அனுப்புவது என்றறிய அதிபர் கேட்பதிற் பிழையில்லை. நானும் சேர்விடாப்பில் அந்நிரலைப் பலமுறை நிரப்பியவனே. அக்காலத்தில் இடாப்பு அதிபரின் அலுமாரியில் இருந்தது. திறப்பு அவர் இடுப்பில் இருந்தது.

ஒருமுறை மட்டும் என் கை தயங்கிற்று. சேர்க்க வந்த சிறுவனின் தந்தை ஒரு சமயம், தாய் இன்னொரு சமயம். “எதை எழுத?” என்றேன். “நீங்களே ஏதாவது ஒண்டைப் போடுங்கோ, சேர்” என்றாள் தாய். போட்டேன். பத்து ஆண்டுகளாக அப்பிள்ளை என் பேனா காட்டிய சமயத்தையே பரீட்சைக்குப் படித்தது. அது எனக்கு இன்றும் உறுத்துகின்றது.

பாடசாலை இடாப்பு வெறுங் காகிதம் என எண்ணுவோர் நம் கல்வி வரலாற்றைச் சிறிது புரட்டிப் பார்க்கலாம். அமெரிக்க மிஷன் 1823 இல் நிறுவிய வட்டுக்கோட்டைச் செமினரியிலே, கல்விச் செலவை ஏற்ற அமெரிக்கப் புரவலரின் பெயர்கள் மாணாக்கருக்குச் சூட்டப்பட்டன. கறோல் விசுவநாதபிள்ளை என நாம் இன்றும் வழங்கும் பெயரில் முன்னிற்பது அத்தகைய ஒரு பெயரே. நல்ல கல்வி தந்தார்கள், மறுக்கவில்லை. ஆயினும் பையனின் பெயரையே இடாப்பு மாற்றிற்று.

“பெயரைக் கேட்டாலே சமயம் தெரியுமே, இதில் மறைக்க என்ன உண்டு?” என்பர் சிலர். அயலவன் அறிந்திருப்பது வேறு. பட்டியலாய் எழுதி வைப்பது வேறு. 1983 யூலையில் கொழும்பிலே தமிழர் வீடுகளைத் தேடி வந்த கும்பல்களின் கையில் வாக்காளர் இடாப்பு இருந்தது. அவ்விடாப்பில் இனம் என்றொரு நிரல் இருக்கவில்லை. பெயரும் விலாசமுமே போதுமாயின. நிரலும் சேர்ந்திருந்தால்?

அதற்கும் வரலாற்றில் விடையுண்டு. ஒல்லாந்து நாட்டு நகரசபைகள் அமைதிக் காலத்திலேயே குடிகளின் சமயத்தையும் பதிந்து வந்தன. எழுதிய எழுதுவினைஞர் எவரையும் வஞ்சிக்க எண்ணியவரல்லர். 1940 இல் நாட்டைக் கைப்பற்றிய நாசிகளுக்கு அப்பதிவுகள் பெருந்துணையாயின. அங்கிருந்த ஏறக்குறைய 140,000 யூதருள் 100,000 பேருக்கு மேல் மாண்டனர். 1943 மார்ச் 27 இரவு ஆம்ஸ்டர்டாம் நகரப் பதிவகத்திற்குத் தீ வைத்தோரை முன்னின்று நடத்தியவர்களுள் வில்லெம் அரொண்டேயுஸ் ஓவியர், எழுத்தாளர். கெரிட் வான் டெர் வேன் சிற்பி. ஏடுகளைப் போற்ற வேண்டிய கலைஞர் ஏடுகளை எரிக்கப் போனார்கள்! பதிவட்டைகளுள் ஒரு பகுதியே அழிந்தது. அரொண்டேயுஸ் அவ்வாண்டே சுட்டுக் கொல்லப்பட்டார்.

என் பெயர்த்தியின் வகுப்பாசிரியை எவருக்கும் தீங்கு நினையாத இளம்பெண். அவரை நாசியரோடு ஒப்பிடுவேன் என்று எவரும் கருத வேண்டாம். நான் அஞ்சுவது பட்டியலை எழுதுபவரையல்ல, பின்னொரு நாள் அதை எடுப்பவரை. அலுமாரியிலிருந்த இடாப்பைத் திருட ஓர் ஆள் வரவேண்டும். இணையத்திலுள்ளதை ஆயிரம் பேர் ஒரே கணத்தில் பிரதி செய்யலாம், வைத்தவருக்கும் தெரியாது. நமது 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சமய நம்பிக்கை, அரசியற் கருத்து, சிறுவர் பற்றிய விபரம் ஆகியவற்றைச் சிறப்பு வகையாகத் தனியே பிரித்து வைத்திருக்கின்றது. சட்டம் படிக்க ஆசிரியர்க்கு நேரமில்லை என்பது எனக்குத் தெரியும். சமயபாடத்துக்காகக் கேட்டதைச் சமயபாட ஆசிரியரோடு நிறுத்துவதற்குச் சட்டம் படித்திருக்க வேண்டுமா?

சமய நிரலையும் வருமான நிரலையும் வெறுமையாக விட்டுப் படிவத்தை அனுப்ப முயன்றேன். ‘கட்டாயம் நிரப்பவும்’ என்று சிவப்பெழுத்திற் சொல்லித் திருப்பிவிட்டது. அந்த ஆசிரியைக்கு ஒரு கடிதம் எழுதினேன். “மேலிடத்தார் கேட்கிறார்கள் ஐயா, நான் என்ன செய்ய?” என்று பணிவாகப் பதில் தந்தார். ஆயினும் மறுநாளே அட்டவணையைப் பிறர் பாராதபடி மூடிவிட்டார். படிவம் இன்னும் என்னிடமே நிரப்பப்படாமற் கிடக்கின்றது. மகள் தினமும் கேட்கிறாள்.